ரப்பர் ஐயாவைப் பார்க்க வந்தவர்கள்

நர்ஸ் சந்தனமேரிக்குச் சிரிப்பு ஒரு வியாதி. கொரோனா இரண்டாம் அலை. கீரனூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நர்சுகளுக்குத் தீவிர சிகிச்சைப் பயிற்சி நடந்தது. கட்டிலில் ஆளுயர ரப்பர் பொம்மை. அதன் தோளைத் தட்டி, "ஐயா, கண்ணைத் தொறங்க" என்று கூப்பிட வேண்டும். ரப்பரைப் போய் ஐயா என்பதா? குபுக்கென்று சிரித்துவிடுவாள். இரண்டு தேர்வு அப்படியே பாழாயிற்று. இந்த முறையும் சிரித்தால் தீவிர சிகிச்சை வார்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் செம்மல் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவளுக்கோ அந்த வார்டு வேண்டும். முதல் அலையில் ஆம்புலன்சில் ஒரு பெரியவர் மூச்சுக்குத் தவித்தபோது, என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழத்தான் அவளால் முடிந்தது. அவர் போய்விட்டார். அந்த முகம் இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

தேர்வன்று காலை, பிரஷர் மாத்திரை வாங்க வந்த முத்துமாரியம்மாள் சன்னலில் எட்டிப் பார்த்துத் தொலைத்தாள். போர்த்திய போர்வைக்குள் ஆடாமல் அசையாமல் ஓர் ஆள். பக்கத்தில் ஒரு நாதி இல்லை. அடப்பாவமே! இந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னிப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகாவிட்டால் தலைமுறைக்கும் பேச்சுத்தான். தேர்வு தொடங்கும்போது சன்னலுக்கு வெளியே பாதித் தெரு நின்றது, கையில் ஆரஞ்சும் ரொட்டியும் ஹார்லிக்சுமாக. மாஸ்க்கெல்லாம் தாடையில் தொங்கியது. ஊரடங்காம், பெரிய ஊரடங்கு!

சந்தனமேரி தோளைத் தட்டினாள். "ஐயா" என்றாள். வந்துவிட்டது சனியன் பிடித்த சிரிப்பு.

"ஏம்மா, மூச்சுப்பேச்சு இல்லாமக் கெடக்காரு, நீ சிரிக்கிறியே" என்றாள் முத்துமாரியம்மாள் சன்னல் வழியே. "இவரப் பெத்தவ பாத்தா வயிறு எரியாதா?"

சிரிப்பு தொண்டையிலேயே நின்றுபோயிற்று. வெளியே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். குனிந்து பார்த்தால், ரப்பர் முகம் ஆம்புலன்சுப் பெரியவரின் முகமாகத் தெரிந்தது. அப்புறம் கை தானாக ஓடியது. தலையைச் சாய்த்தாள், தாடையைத் தூக்கினாள், முகமூடியை அதன் மூக்கிலும் வாயிலும் அழுத்திப் பிடித்துக் காற்றுப் பையை அமுக்கினாள். ரப்பர் நெஞ்சு ஏறி இறங்கியது. "ஐயா, விட்றாதீங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி அமுக்கினாள். கண்ணீர் மாஸ்க்கை நனைத்தது. சன்னலில் எல்லோரும் கும்பிட்டார்கள். செம்மல் மார்க் போடவே மறந்து நின்றார்.

கூட்டத்தைக் கலைக்கப் போன அவர் கையில் முத்துமாரியம்மாள் ஆரஞ்சுப் பையைத் திணித்து, ஆள் எந்த ஊர் என்று கேட்டாள். அவர் வெளியூர் என்றார். அதானே பார்த்தேன், வெயிலே படாத ஒடம்பு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் உள்ளே வந்து பாஸ் போட்டார். "பொம்மைன்னு அவங்கட்ட சொல்லிரவா சிஸ்டர்?"

"வேணாம் சார்" என்றாள் சந்தனமேரி, போர்வையை இழுத்துவிட்டபடி. "என் கையில மொதமொதப் பொழச்ச ஆளு. இருந்துட்டுப் போகட்டும்."