கொடும்பாவிக்கு வந்த முகம்

வைக்கோலை யார் எப்படிக் கட்டினாலும் கொடும்பாவிக்கு ஊரில் யாராவது ஒருவருடைய முகம்தான் வந்தது. வானம் பொய்த்தால் ஊரிலேயே பெரிய பாவியைப் பொம்மையாகக் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, விளக்குமாற்றால் அடித்து, ஒப்பாரி வைத்து, சுடுகாட்டில் கொளுத்துவார்கள். பாவம் தொலைந்ததும் மழை வரும். முகம் வந்தவர் தன் சட்டை ஒன்றைப் பொம்மைக்குக் கொடுக்க வேண்டும். கயிற்றின் முன்பிடியும் அவருக்குத்தான். என்ன பாவம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை.

இந்தக் கோடையில் அழகுமலையின் முகம் வந்தது.

அழகுமலை பஸ் நிறுத்தத்துப் பக்கம் பஞ்சர் ஒட்டுகிறவர். சேதி வந்ததும் கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார். அவரேதான். புருவத்துத் தழும்பைக்கூட வைக்கோல் விடவில்லை.

கோட்டைச்சாமி அவர் தோளில் கை போட்டார். போன பஞ்சத்தில் கோட்டைச்சாமி முகம் வந்து, கண்மாய் உடைகிற மட்டும் பெய்தது. அதிலிருந்து டீக்கடையில் அவருக்கு யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள்.

"கூச்சப்படாத மாப்ளே. முன்பிடியை மட்டும் விட்றாத. மத்ததை வானம் பாத்துக்கும்."

ஒப்பாரி, முகம் வந்தவரின் பெண்சாதி வைக்க வேண்டியது. பாவத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி அழ வேண்டும். ராக்கம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டுப் பொம்மையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"தலைசீவாமத் தெருவுக்குப் போன பாவி... குழம்புல உப்பில்லேன்னா வாயத் தொறந்து சொல்லாமத் தின்ன பாவி..."

அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. சுற்றி இருந்த பெண்கள் மாரடிக்க ஓங்கிய கையோடு காத்திருந்தார்கள்.

"அடிச்சிருப்பாருல்ல, யக்கா?" என்று எடுத்துக் கொடுத்தாள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம்.

"இல்லடி."

"குடி?"

"பொங்கலுக்குக்கூட இல்ல."

அழகுமலை கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் இழுத்தது, அடித்தது, கொளுத்தியது. வானம் துலக்கிக் கவிழ்த்த சட்டி மாதிரி அப்படியே இருந்தது.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டீக்கடையில் கோட்டைச்சாமி மட்டும் குரலைத் தாழ்த்தி, "ஒரு தூத்தல்கூடவா இல்ல மாப்ளே?" என்றார். வீட்டில் ராக்கம்மா தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஊரு முன்னாடி என்னத்தச் சொல்லி அழுவேன்? ஒண்ணாவது செஞ்சு வச்சிருக்கக் கூடாதா?"

அதிலும் நியாயம் இருந்தது. மறுநாள் அவர் பஞ்சவர்ணத்தின் கோழியைத் திருடப் போனார். அவள் கூடையோடு வந்தாள்.

"அந்தச் செவப்பு நோஞ்சாண்ணே. கறுப்பப் பிடிங்க. மழைக்குத்தான?"

செருப்புக் காலோடு அய்யனார் கோயிலுக்குள் நுழைந்தார். பூசாரி ஏறிட்டுப் பார்த்து, "முள்ளு கெடக்கு, போட்டுக்கிட்டே வாங்க" என்றார். ஒரு கையில் கோழியும் காலில் செருப்புமாக அவர் வீடு திரும்பியபோது தெருவே பார்க்காத மாதிரி இருந்துகொண்டது.

மறுபடி கட்டினார்கள். மறுபடியும் அவர் முகமே வந்தது. இந்தத் தடவை பொம்மையின் தலை கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தினால் மோவாய் திரும்பப் போய் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அழகுமலை இன்னொரு சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டார். முன்பிடியை எடுக்கும்போது பொம்மையின் காதோரம், "என்னால ஆகல. மன்னிச்சுக்க" என்றார்.

வைக்கோல் கன்னம் நனைந்தது. பிறகு சொட்டியது. பிறகு சத்தமே இல்லாமல் கோடாக ஓடியது.

பஞ்சவர்ணம் வீட்டுக்கு ஓடிக் குடத்தோடு வந்தாள். கொஞ்ச நேரத்தில் முச்சந்தி வரைக்கும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டின. ஆளுக்கொரு குடம் என்று கோட்டைச்சாமி ஒழுங்கு பண்ணினார். ஊற்று மட்டுப்பட்டால் முன்னால் நிற்கிறவர், "ஒரு தூத்தல்கூட இல்லியேடா" என்று பொம்மையிடம் சொல்ல, பழையபடி ஓடியது. அழகுமலையும் தலையைக் குனிந்தபடி வரிசையின் கடைசியில் நின்று ஒரு குடம் பிடித்தார்.

ராக்கம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கண்ணீர்தான். ஆனா உப்பில்ல. குழம்புக்கு ஆகும்."

அந்தத் தண்ணீரில் வைத்த குழம்பில் எவ்வளவு போட்டும் உப்பு ஏறவில்லை. அழகுமலை வாயைத் திறந்து சொல்லாமல் சாப்பிட்டார். தெருவில் அடுத்த குடம் நிறைகிற சத்தம் கேட்டது.