இன்னிக்கு எங்கே?

பதினோரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் ஹெட்டி கேட்கும் கேள்வி அதுதான். இங்கிலாந்தில், லங்காஷயரின் ஒரு பஞ்சாலை ஊரில் அவள் புருஷன் ஈனாக் சக்டன் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினான். யாருக்குக் கால் சுளுக்கினாலும் அந்த இடத்தில் அவனைப் போடுவார்கள். கோல் காப்பதைத் தவிர மற்றப் பத்து இடத்திலும் ஆடியாயிற்று. 'ஒட்டுத்துணி' என்று ஊரார் கேலி செய்வார்கள்.

ஹெட்டிக்குப் பார்வை மங்கல். சட்டையில் எண் போடும் வழக்கமும் அப்போது இல்லை. எந்த இடம் என்று தெரிந்தால்தான் அங்கே ஓடும் நிழலைப் புருஷன் என்று வைத்துக்கொண்டு ரசிப்பாள். தனக்குக் கண் தெரியாததைப் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லவே மாட்டாள். அவ்வளவு வீம்பு.

அன்று கடைசி ஆட்டம். அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளும் ஆட்களின் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

"இடது ஓரம்," என்றான். "நல்லாப் பாத்துக்கோ. இனிமே கெடைக்காது."

இருபதாவது நிமிஷத்தில் கோல் கீப்பருக்குத் தோள் எலும்பு முறிந்தது. மாற்று ஆள் இறக்க விதி கிடையாது. கேப்டன் கோல் கீப்பரின் பச்சைச் சட்டையை ஈனாக் மேல் எறிந்தான்.

"வேற யாரு, ஒட்டுத்துணிதான்."

ஈனாக் சட்டையை மாட்டிக்கொண்டே கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். ஹெட்டி இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளே. அங்கே இப்போது வேறொருத்தன் ஓடினான்.

கடைசி நிமிஷம் எதிரணிக்குப் பெனால்டி. ஈனாக் வலப்பக்கம் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தான். ஊரே அவன் பேரைச் சொல்லி அலறியது.

வீட்டில் ஹெட்டிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இடது ஓரத்துல என்னமா ஓடினே. அதான் உன் பேரைச் சொல்லிக் கத்தினாங்க."

"ஆமா," என்று மட்டும் சொன்னான்.

டீயை நீட்டும்போது அவன் உள்ளங்கை பட்டது. தோல் உரிந்திருந்தது.

"கால்ல ஆடுறவனுக்குக் கையில என்ன காயம்?"

சொல்லிவிட்டான். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் எவனையோ பாத்து உருகியிருக்கேன்."

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு எழுந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அடுப்புக்கு முன்னால நில்லு. இங்கேருந்து எனக்கு நல்லாத் தெரியுது."

செருப்புக் காலால் தட்டினாள். கிழங்கு அவனுக்கு வலப்பக்கமாக மெல்ல உருண்டு வந்தது. குனிந்தாலே எட்டும். ஆனாலும் முப்பத்தாறு வயசு உடம்பை முழுசாகத் தரையில் போட்டு இரண்டு கையாலும் பிடித்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள் ஹெட்டி. "இன்னொரு தடவை."