மார்லிஸ் பூட்டிய குழாய்

அன்னையர் தினத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. லோவல் ஹாகனின் பூச்செடி நர்சரியில் கால் வைக்க இடமில்லை. ஐயோவா மாநிலத்து அந்தச் சின்ன ஊரில் அம்மாவுக்குத் தொங்கும் பூக்கூடை வாங்கித் தராத பிள்ளை பிள்ளையே இல்லை. அந்த வியாபாரம்தான் வருஷம் முழுக்க லோவலுக்குச் சோறு போடும். அந்த நேரம் பார்த்தா தண்ணீர்த் துறை மார்லிஸ் சோதனைப் பெட்டியோடு வந்து நிற்க வேண்டும்!

செடிக்கு உரம் கலக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் ஊர்க்குழாய்க்குத் திரும்பிவிடாமல் தடுக்க ஒரு வால்வு உண்டு. வருஷா வருஷம் அதைச் சோதிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மார்லிஸ் அதில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"வால்வு மூட மாட்டேங்குது லோவல். ஸ்பிரிங் போச்சு. சரி பண்ற வரைக்கும் தண்ணிய நிறுத்தணும்."

"அடிப்பாவி! செடியெல்லாம் வாடிப்போயிடும். சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போ, திங்கக்கிழமை மாத்திடுறேன். உங்கம்மாவுக்குப் பெரிய கூடையா ரெண்டு எடுத்துக்கோ."

"எங்கம்மாவும் இந்த ஊர்த் தண்ணியத்தான் குடிக்கிறா" என்று சொல்லி, குழாயை மூடிப் பூட்டுப் போட்டாள்.

"ஒண்ணாப் படிச்சோம்ங்கிற நெனப்பாவது இருக்கா உனக்கு?" என்று லோவல் வாய்க்கு வந்தபடி திட்டினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள், விடுமுறை நாளில், தன் வண்டியில் தொட்டி நிறையத் தண்ணீரோடு வந்து இறங்கினாள். "மொறைச்சது போதும், வாளிய எடு." இப்படிப்பட்டவளை என்னவென்று சொல்வது!

பாதிச் செடிக்கு ஊற்றும்போதே தீயணைப்புச் சங்கு ஊதியது. லோவல் ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படையில் இருப்பவன். வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். மரக்கடையில் தீ. தெருவோரத் தீயணைப்புக் குழாயை அவனே திறந்தான். இரண்டு வண்டிகள் சேர்ந்து உறிஞ்ச, ஒருவழியாக நெருப்பு அடங்கியது.

கரி அப்பிய முகத்தோடு திரும்பியபோது, அடுத்த வீட்டில் குடியிருக்கும் மகள் கிர்ஸ்டன் இடுப்பில் குழந்தையும் கையில் பால்புட்டியுமாக வேலியோரம் நின்றிருந்தாள்.

"அப்பா, பாப்பாவுக்குப் பால் கலக்கக் குழாயத் திறந்தேன். தண்ணி வரல. உஸ்ஸுன்னு காத்த உள்ள இழுக்குது! என்ன கூத்துப்பா இது?"

லோவலுக்குச் சட்டென்று புரிந்தது. வண்டிகள் உறிஞ்சிய வேகத்தில் தெருக்குழாய் வீடுகளிலிருந்தே தண்ணீரைப் பின்னோக்கி இழுத்திருக்கிறது. தன் குழாய் பூட்டாமல் இருந்திருந்தால், தொட்டியிலிருந்த நீல உரத் தண்ணீரையும் இழுத்திருக்கும். குழாயில் மறுபடி தண்ணீர் வரும்போது அது முதலில் போய்ச் சேரும் வீடு இதுதான். அவன் பேத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். கண் கலங்கியது.

உள்ளே மார்லிஸ் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இருப்பதிலேயே பெரிய கூடையை எடுத்து நீட்டினான். "இது லஞ்சம் இல்லம்மா தாயே."

"காசு வாங்கிக்கிட்டா எடுத்துக்கிறேன்" என்று சிரித்தாள்.

பூ வாங்க வந்திருந்த கார் கழுவும் கடைக்காரன் டேல் அலுத்துக்கொண்டான். "அடுத்த வாரம் இதே வால்வு சோதனைக்கு மார்லிஸ் என் கடைக்கும் வராளாம். ஒரு கையெழுத்துக்கு எத்தனை அலட்டல்!"

"வாய மூடுடா டேல்" என்றான் லோவல். "ஊருக்கே ஒரே தண்ணி. நீ சோதனைய ஏமாத்தினா, அந்த அழுக்கக் குடிக்கப் போறது பக்கத்து வீட்டுக் குழந்தை. அவ வந்தா மரியாதையா கதவத் திறந்து விடு."