தோற்றவர்களின் நம்பர்

"உங்ககிட்ட படிச்சு, பரீட்சை எழுதி, தோத்துப்போனவங்க யாராவது ஒருத்தரோட போன் நம்பர் வேணும் சார்."

இதை மட்டும் கேட்காதே என்று ஆம்பூரில் பஸ் ஏறியதிலிருந்து அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். டைம் கேளு, புஸ்தகம் குடுப்பாங்களான்னு கேளு, எது வேணா கேளு, அது வேணாம். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்போது என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கப் பார்த்தாள். வேதத்தில் சத்தியம் பண்ணக் கூடாதென்று போட்டிருக்கிறதே என்றேன். கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்துவாச்சாரியில் இறங்கி இந்தக் கோச்சிங் சென்டரின் மாடி ஏறினோம்.

இப்போது மேஜைக்கு அடியில் என் முழங்காலைக் கிள்ளினாள்.

ஜேக்கப் சார் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். அட்மிஷன் ஃபாரத்தில் என் பெயர் ஜெனிஃபா என்பது வரைக்கும் எழுதியிருந்தார். கோபப்படவில்லை. அவர் சுலபத்தில் கோபப்படுகிற ஆளில்லை. எங்கள் சபை பாஸ்டரின் மருமகன் அவர். பத்து வருஷத்துக்கும் மேலாக இந்த மாடியில் பேங்க், ரயில்வே பரீட்சைக்கு க்ளாஸ் எடுக்கிறார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இவரிடம் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் சட்ட நுழைவுத் தேர்வையும் சேர்த்துக்கொண்டார். கீழே இருக்கிற ஃப்ளெக்ஸில் 'சட்டம்' என்கிற வார்த்தையைத் தனியாக ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலை பிரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அது எதுக்கும்மா உனக்கு?" என்றார். "ஜெயிச்சவங்க நம்பர் தர்றேன். பேசு. ஒரு நம்பிக்கை வரும்."

ஜெயித்தவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பேங்க்.

அம்மாவின் பயம் எனக்குப் புரியாமலில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிவில், நம் சகோதரி ஜெயபுஷ்பத்தின் மகள் வக்கீல் படிப்புக்கான பயிற்சியில் சேருகிறாள், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று பாஸ்டர் அறிவித்துவிட்டார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். வெளியே வந்ததும் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சபையைப் பொறுத்தவரை நான் சேர்ந்தாகிவிட்டது. நான்தான் இன்னும் சேரவில்லை. எங்கள் ஆட்கள் செய்கிற காரியம் இதுதான். முதலில் ஸ்தோத்திரம் சொல்லிவிடுவார்கள், காரியம் அப்புறம் வரும். வராவிட்டால் அதைப் பற்றி யாரும் மூச்சு விட மாட்டார்கள். சாட்சி சொல்கிற நேரத்தில் பாஸானவன் எழுந்து நிற்பான், குழந்தை பிறந்தவள் எழுந்து நிற்பாள். நான் ஃபெயிலாயிட்டேன், இன்ன காரணத்தால் ஃபெயிலாயிட்டேன் என்று ஒருத்தரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் தோற்றவர்களே கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பரீட்சை எழுதினால்தானே தோற்க முடியும். அப்பா டேனரியில் தோல் பதப்படுத்துகிற டிரம்மை ஓட்டினவர். அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். என் சித்தப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் யாரும் எதையும் எழுதவில்லை.

கல்லூரியில் என்னோடு படித்த ஆஃப்ரீனுக்கு ஒரு மாமா இருக்கிறார். சி.ஏ. பரீட்சையை எழுதி எழுதிக் கடைசிவரை பாஸாகாதவர். ஈத் அன்றைக்குப் பிரியாணி சாப்பிடப் போனால் அவரைத்தான் வைத்துக் கேலி பண்ணுவார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் எந்தப் புத்தகம் வீண், எந்த இன்ஸ்டிடியூட்டில் வாத்தியார் பாதியில் ஓடிவிடுவார், எந்த மாசத்தில் மனசு சோர்ந்துபோகும், எல்லாம் அவர் மூலமாக ஆஃப்ரீனுக்குத் தெரியும். அந்த மாமா அவள் வீட்டுக்கு ஒரு சொத்து என்று அவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும், எனக்கு அப்படி ஒருத்தர் இல்லாததால். எங்களுக்கெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனர்தான் மாமா. பக்கத்துத் தெரு அக்கா பி.காம். முடித்து பேங்க்கில் உட்கார்ந்தாள் என்று பேனர் வைத்தார்கள். எங்கள் தெருவே பி.காம். படித்தது. அதில் பாதிப் பேர் இப்போது அம்மா வேலை செய்கிற அதே கம்பெனியில் இருக்கிறோம். நான் செக்கிங் டேபிளில்.

சட்டம் படிக்கணும் என்று எனக்கு எப்போது தோன்றியது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். டிரம்மில் அப்பா கை மாட்டினதுக்குப் போட்ட வழக்கு. எங்கள் வக்கீல் ஒரே வாய்தாவில் அப்பா பெயரை மூன்று விதமாகச் சொன்னார். சாமுவேல் என்பது அவ்வளவு கஷ்டமான பெயரா. அப்பா எழுந்து திருத்தவில்லை, வக்கீல் தப்பா நினைச்சுக்குவாரு என்றார். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் டிகிரி முடித்தவர்களுக்கு மூன்று வருஷச் சட்டப் படிப்பு இருக்கிறது, நுழைவுத் தேர்வில் பாதி சரியான விடையைக் குறிப்பது, பாதி உட்கார்ந்து எழுதுவது என்று அதற்கப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.

கோச்சிங்குக்கு மூன்று வழி இருந்தது. ஒன்று ஜேக்கப் சார். அடுத்தது ஆஃப்ரீன் சேர்ந்திருக்கிற ஆப். அதில் டெல்லிப் பெண் ஒருத்தி மூச்சு விடாமல் இங்கிலீஷ் பேசுகிறாள், நிறுத்தி நிறுத்திக் கேட்டால் ஒரு மணி நேரப் பாடத்துக்கு ஒரு ராத்திரி போகிறது. மூன்றாவது, அந்தப் பெங்களூர்க் கல்லூரியிலேயே படிக்கிற நாலைந்து பிள்ளைகள் நடத்துவது. பாடம் கிடையாது. வாரம் ஒரு கேள்வி அனுப்புவார்கள், நாம் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினால் திருத்தி அனுப்புவார்கள். ஆஃப்ரீனிடம் அதைச் சொன்னபோது, "அது கோர்ஸே இல்லடி, வெறும் திட்டு வாங்கற க்ளாஸு" என்றாள். நானும் அதை ஒதுக்கிவிட்டேன். கட்டடம் இல்லை, போர்டு இல்லை, வாத்தியார் இல்லை. அம்மாவிடம் எதைக் காட்டி இதுதான் என்று சொல்வேன்?

"சார், நம்பிக்கைக்காகக் கேக்கல" என்றேன் ஜேக்கப் சாரிடம். எங்கள் கம்பெனியில் நடப்பதைச் சொன்னேன். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் வந்தால் நல்ல ஷூவை நாங்கள் துடைத்து அடுக்கி வைத்திருப்போம். அவர் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். ரிஜெக்ட் பெட்டி எங்கே என்றுதான் கேட்பார். தள்ளிவிட்ட ஷூவையெல்லாம் தரையில் கொட்டிப் பார்ப்பார். பத்து ஷூவில் பத்து விதமான கோளாறு இருந்தால் பேசாமல் போய்விடுவார், மனுஷக் கை என்றால் அப்படித்தான். பத்திலும் ஒரே இடத்தில் தையல் விட்டிருந்தால் அந்த லைனையே நிறுத்தச் சொல்லுவார்.

"தோத்தவங்க எல்லாரும் ஒரே எடத்துல தோத்தாங்களா, வேற வேற எடத்துலயான்னு தெரிஞ்சிக்கணும். அவ்ளோதான் சார்."

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, இவ பேச்ச மனசுல வெச்சுக்காதீங்க. செக்கிங்ல உக்காந்து பெத்த அம்மா தைச்சதையே திருப்பி அனுப்பனவ இவ. லைன்ல எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சாங்க."

"தையல் விட்டிருந்துச்சும்மா."

"விட்டிருந்துச்சு. அதுக்கு?"

ஜேக்கப் சார் சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அந்த மாதிரி நம்பரெல்லாம் தாங்கள் வைத்துக்கொள்வதில்லை என்றார். அப்படிப்பட்டவர்கள் ரிசல்ட் வந்ததும் போனை எடுப்பதில்லை, நாமும் தொந்தரவு பண்ணுவதில்லை, அவர்களுக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. அவர் சொன்னது நிஜம்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

"நான் எழுதினேனே சார்."

குரல் கதவுப் பக்கத்து மேஜையிலிருந்து வந்தது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது தண்ணீர் கொடுத்து, ஃபாரம் கொடுத்து, போட்டோவைப் பின் பண்ணிய பெண். நந்தினி என்று ஜேக்கப் சார் கூப்பிட்டதைக் கேட்டிருந்தேன். என் வயசுதான் இருக்கும். சட்டப் பாடப் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவள் முத்திரையைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"ரெண்டு தடவ எழுதினேன். ரெண்டு தடவயும் இங்கதான் படிச்சேன்."

ஜேக்கப் சார் அவள் பக்கம் திரும்பினார். அவள் வேலை போய்விடுமோ என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கேட்டது ஒரு போன் நம்பர். நம்பர் என்றால் தூரத்தில் எங்கேயோ இருக்கும், முகம் இருக்காது, பேசிவிட்டு வைத்துவிடலாம். இப்படி ஒருத்தி முதலாளி எதிரில் எழுந்து நிற்பாள் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. வேணாம் விடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். ஜேக்கப் சாரே அவளைப் பார்த்து, "சொல்லும்மா" என்றார். அவர் குரலில் மிரட்டல் இல்லை. அவரும் இதுவரை அவளிடம் கேட்டதில்லை என்று தோன்றியது.

நந்தினிக்கு ஊர் அணைக்கட்டுப் பக்கம். நிலத்தில் வேலை செய்கிற வீடு. முதல் தடவை தோற்றபோது சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்தாளாம். அதனால் திரும்ப வந்து அதே நோட்ஸை இன்னும் நன்றாக மனப்பாடம் பண்ணினாள். குறிக்கிற பாதியில் நல்ல மார்க்தான். எழுதுகிற பாதியில் இரண்டு தடவையும் படுத்துவிட்டது. முதல் தடவை எங்கே விட்டாளோ இரண்டாம் தடவையும் அங்கேயேதான்.

"எதனாலன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் முத்திரையைக் கீழே வைத்தாள். "நான் ஹால்ல எழுதினத, திருத்தறவங்கதான் மொதல்ல படிச்சாங்க. அதுக்கு முன்ன யாருமே படிச்சதில்ல."

நான் ஜேக்கப் சார் பக்கம் திரும்பினேன். கேள்வி இப்போது சுலபமாகிவிட்டது. நான் எழுதினா யாரு சார் படிப்பாங்க?

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு சார் இருக்கிறார் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், இன்றைக்கே கையெழுத்தும் போட்டிருப்பேன். அவர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, ஆள் தேடுகிறேன், கிடைக்கவில்லை, இந்தப் பக்கத்தில் அந்தப் பரீட்சை எழுதின வாத்தியாரே இல்லை, பேங்க் பரீட்சைக்கு எப்படிச் சொல்லித்தருகிறோமோ அதே மாதிரிதான் இதையும் சொல்லித்தருகிறோம் என்றார். "அடுத்த வருஷத்துக்குள்ள ஆள் போட்டுடுவேன்" என்றார்.

"சேந்துடு ஜெனி" என்றாள் அம்மா. மெதுவாக, எனக்கு மட்டும். "சேந்துட்டு அப்புறம் பாத்துக்கலாம். சபையில சொல்லியாச்சு. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போய் உக்காருவேன்?"

சேர்ந்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்வது. பி.காம். அப்படித்தான் சேர்ந்தேன். அப்பாவின் வக்கீலையும் அப்படித்தான் பிடித்தோம். எங்கள் வீட்டில் எதையும் தேர்ந்தெடுத்ததே இல்லை, யாராவது கதவைத் திறந்து வைத்திருந்தால் நன்றி சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் திறந்துவிட்டவர் மனசு நோகும். அம்மாவை எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அவள் கேட்காமல் வாங்கிக்கொண்டதில்தான் நான் கேட்கிற அளவுக்கு வளர்ந்தேன். ஆனால் இதை இந்தத் தடவை செய்ய முடியாது. என்னால் ஒரு தடவைதான் எழுத முடியும். அடுத்த வருஷம் தம்பி பன்னிரண்டாவது முடிக்கிறான், அதற்கப்புறம் என் சம்பளம் என்னுடையது இல்லை.

கட்டடம் இல்லை, போர்டு இல்லை என்று ஒதுக்கி வைத்ததை அங்கே உட்கார்ந்தே திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். அதில் இல்லாதது எல்லாம் இங்கே இருந்தது. இங்கே இல்லாத ஒன்று அங்கே இருந்தது.

ஃபாரத்தை ஜேக்கப் சார் பக்கம் நகர்த்தினேன். "சார், நான் இங்க சேரல. உங்க மேல கோபம் கெடயாது. மறைக்காம சொன்னீங்க. எழுதறத யாரு படிக்கறாங்களோ அங்க போறேன்."

"பாஸ்டர் கேப்பாரும்மா" என்றார். அதுவும் மிரட்டலில்லை. மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்கிற கவலை.

"நானே சொல்லிக்கறேன். நாளைக்கு சாட்சி நேரத்துல எழுந்து சொல்றேன். எங்கம்மா ஒண்ணும் பண்ணல, நாந்தான் வேணாம்னுட்டேன்னு."

"நீ சாட்சி சொல்லப் போறியா?" என்றாள் அம்மா. "அதுல இன்னாடி சாட்சி இருக்குது?"

எழுந்தேன். அம்மா எழுந்திருக்கவில்லை. அவர் எதிரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து போனால் மரியாதையாக இருக்காது என்று உட்கார்ந்திருந்தாளோ, இல்லை என் மேல் கோபமோ. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

நந்தினியின் மேஜையருகே நின்று, திட்டு வாங்குகிற க்ளாஸ் ஒன்று இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டேன். அவள் ஜேக்கப் சாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூன்றாவது தடவைக்கு வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க என்றாள். எழுதுவதை நிறுத்த வேணாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் நம்பரைக் கேட்டேன். சொன்னாள். அங்கேயே நின்று போனில் போட்டுக்கொண்டேன்.

படியில் இறங்கும்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மாவா, ஜேக்கப் சாரா தெரியவில்லை. நான் நிற்கவில்லை. கீழே சர்வீஸ் ரோட்டில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று ஓரமாக நின்று, பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு, முதல் கேள்வியை இந்த வாரமே அனுப்ப முடியுமா என்று மெசேஜ் போட்டுவிட்டு, ரோட்டைத் தாண்டி நடந்தேன்.