பின்பக்கத்து மீன்கள்

ராயபுரத்தில் லிங்கசாமியின் பனியன் கம்பெனியில் டிசைனராக இருந்த நாகஜோதிக்கு, அந்த 2009 ஆடி மாதம் முழுக்கக் காத்திருப்பதே பாதி வேலையாக இருந்தது. வைரஸ் தொல்லை தாங்காமல் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் லினக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் வரைந்த உடையை ஒரு உருவத்துக்குப் போட்டுச் சுற்றிக் காட்டும் அவளுடைய சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். அதனால் சிஸ்டம் பார்க்கும் மாரப்பன், லினக்ஸுக்குள்ளேயே ஒரு வர்ச்சுவல் மெஷினை உண்டாக்கி, அதில் விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருந்தான். கம்ப்யூட்டருக்குள் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். அதற்குப் படம் காட்டுவதென்றால் மூச்சு வாங்கும்.

திரையில் முகமில்லாத ஒரு குழந்தை. அதன் உடம்பில் நாகஜோதி வரைந்த நைட் டிரஸ், அது நிறைய நீல மீன்கள். உருவத்தைத் திருப்பினால் துளி நகர்ந்து அப்படியே நின்றுவிடும். பிறகு புதுக் கோணம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கும்.

அந்த இடைவெளியில் அவளுக்குக் கண் சொக்கும். கீழே சுற்றும் நிட்டிங் மெஷின்களின் ஓசை எங்கோ தண்ணீர் ஓடுவது போலாகும். மீனொன்று திரையைவிட்டு இறங்கி, மேஜைமேல் கிடக்கும் சாம்பிள் துணிகளுக்கிடையே வாலசைத்துப் போகும். அவள் பிறந்த சாத்தூர்ப் பக்கம் அப்படியொரு நீலத் தண்ணீரே கிடையாது. எங்கிருந்துதான் அந்த நிறம் தன் கைக்கு வந்ததோ என்று யோசித்தபடியே இருப்பாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் தெளியும்.

புதன்கிழமை லிங்கசாமி வந்து பின்னால் நின்றார்.

"கண்ணு, வெள்ளிக்கிழமை ஆர்டர் குடுக்கற பையரம்மா வர்றாங்க. டிரெஸ் சுத்தறத இதுலயே காட்டோணும். அவங்க சரின்னுட்டா சனிக்கிழமை பிரிண்டிங் போயிரலாம். இப்படி நொண்டுச்சுன்னா நல்லாவா இருக்கும்?"

மாரப்பன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். இருவரும் இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்தார்கள்.

"உள்ள இருக்கறதுக்கு வீடியோ மெமரியே பத்தலைங்க. கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு இருக்குதுன்னே அதுக்குத் தெரியாது. எல்லாத்தையும் பிராசசரே வரைஞ்சுட்டுக் கெடக்குது" என்றான்.

"அப்ப கார்டைத் தெரியப்படுத்துங்க. இம்புட்டு நாளா ஏன் சும்மா இருந்தீங்க?"

அவன் சிரித்துவிட்டு வேலையில் இறங்கினான். முதலில் லினக்ஸில் கார்டுக்குரிய டிரைவரைப் போட்டான். வர்ச்சுவல் மெஷினின் புதுப் பதிப்பை இறக்கவே அன்றைய சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் வீடியோ மெமரியைக் கூட்டி, 3டி என்ற கட்டத்தை டிக் செய்து, உள்ளேயிருந்த விண்டோஸுக்கும் அதற்கான டிரைவரைச் சேஃப் மோடில் போட்டான். அப்படியும் திக்கித் திக்கித்தான் ஓடியது. கடைசியில் அவன் ஆசையாக வைத்திருந்த, லினக்ஸ் திரையின் ஜன்னல்கள் ஜெல்லி மாதிரி குலுங்கும் அலங்காரத்தை மனசில்லாமல் நிறுத்தினான்.

"இப்பத் திருப்புங்க."

நாகஜோதி மவுஸை இழுத்தாள். குழந்தை சுற்றியது. எங்கேயும் நிற்கவில்லை. துணி மடிந்து விரிய, மீன்கள் நிஜமாகவே நீந்தின. அவளுக்குப் புல்லரித்தது. அறை முழுக்க நீலம் நிறைந்து, தானும் அதில் மிதப்பதாகத் தோன்றியது. விடாமல் சுற்றினாள்.

மூன்றாவது சுற்றில் கை நின்றது.

பின்பக்கத்து மீன்கள் வயிறு மேலாகக் கிடந்தன.

இத்தனை நாளும் முன்பக்கம் வந்து சேர்வதற்கே பொழுது போய்விடும். பின்பக்கத்தை அவள் ஒருமுறைகூட முழுசாகப் பார்த்ததில்லை. துணி வீணாகாமலிருக்க கட்டிங் மாஸ்டர் கிட்டுசாமி பின்பாகத்தைத் தலைகீழாக வைத்து அடுக்கியிருந்தார். அந்த அடுக்கைத்தான் அவள் சாஃப்ட்வேரில் ஏற்றியிருந்தாள். பிளெயின் துணியில் அது தெரியாது. மீனில் தெரியாமல் இருக்குமா?

லிங்கசாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் வந்து பார்த்தார்.

"ஒரே பக்கமா வெட்டுனா துணி ரொம்பப் பிடிக்குமே கண்ணு."

"வெட்டுறது அப்படியே இருக்கட்டும் சார். மீனை மாத்திப் போடுதேன்."

வெள்ளிக்கிழமை காலைக்குள் வரைந்து முடித்தாள். ஒன்று மேலே பார்க்க, ஒன்று கீழே பாய, இரண்டு பக்கவாட்டில் துரத்த, எப்படி வெட்டினாலும் மீன்கள் விளையாடிக்கொண்டுதான் இருக்கும்.

பையரம்மா இன்னொருமுறை சுற்றச் சொன்னார். பிறகு தானே மவுஸை வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சனிக்கிழமை டிசைன் பிரிண்டிங்குக்குப் போனது.

அன்று மதியம் கிட்டுசாமி மேலே வந்தார். தான் வெட்டும் துண்டுகள் ஆள்மேல் ஏறினால் எப்படியிருக்கும் என்று அவர் திரையில் பார்த்ததேயில்லை.

"ஏனுங்கம்மிணி, நானும் ஒருக்கா சுத்திப் பாக்கட்டுங்களா?"

நாகஜோதி எழுந்து இடம் விட்டாள். சுண்ணாம்புக்கட்டித் தூள் படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.