உப்பு மண் வீடு

எகிப்தின் பாலைவனச் சோலையான சீவாவில் எங்கள் வீட்டுப் பின்சுவர் பழைய கோவிலின் இடிந்த மதிலை ஒட்டி நின்றது. பேரீச்சம்பழம் அடுக்கும் அறையில் என் கணவர் உம்ரான் குளிர்காலத்தில் புதையல் தேடித் தோண்ட ஆரம்பித்தார். முதலில் ஒரு கல்படி வந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் அவர் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. ஆலிவ் காய்கள் பறிக்க ஆளில்லாமல் உதிர்ந்தன. சாப்பாட்டையும் குழிக்குள்ளேயே இறக்கச் சொன்னார்.

வெளியூரிலிருந்து ஒரு மந்திரவாதியை அழைத்துவந்தார். நான் டீ கொண்டுபோனதும் அந்த ஆள் பேச்சை நிறுத்திவிட்டு, என் மகள் தீசீரியை ஏற இறங்கப் பார்த்தான்.

அன்று உம்ரான் அவளுக்குத் தலை வாரிவிட்டார். ஒருநாளும் செய்யாத வேலை.

"கீழ கல்லுக்கு நடுவுல ஒரு சந்து இருக்கு. இவ நுழைஞ்சிடுவா."

"புள்ள என்ன எலியா, பொந்துக்குள்ள விட?"

"நாளைக்குத் தொழுகை முடிஞ்சு வந்ததும் இறக்குறேன். புதுத்துணி போட்டு வை."

"குழியில இறங்க எதுக்குப் புதுத்துணி?"

அவர் அவள் பின்னலை முடிந்துவிட்டுக் குழிக்குள் இறங்கிவிட்டார். அந்த மந்திரவாதி கேட்டது பலி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் அவர் மசூதிக்குப் போனதும் மகளை அண்ணன் வீட்டில் விட்டேன். திரும்பி வந்து, குழிக்குள் யாருமில்லை என்று குரல் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு மண்வெட்டியால் தோட்டத்து வாய்க்காலை வெட்டி வீட்டுக்குள் திருப்பினேன். எங்கள் சுவரெல்லாம் உப்பு மண்; தண்ணீர் பட்டால் கரையும். குழிக்குள் தண்ணீர் இறங்கிய சத்தம், யாரோ மடக் மடக்கென்று குடிப்பதுபோல் கேட்டது. நெடுநேரம் கேட்டது.

அவர் வந்தபோது பின்சுவர் சரிந்து, அறை சேறாகக் கிடந்தது.

"என் வீட்ட நான்தான் கரைச்சேன்," என்றேன். "போய் உங்க மந்திரவாதிகிட்ட சொல்லுங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மண்டிபோட்டுச் சேற்றில் காதை வைத்தார்.

"இன்னும் பசிக்குதாம்," என்றார் மெதுவாக.

நானும் மகளும் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டோம். உம்ரான் அதே மதிலை ஒட்டியிருக்கும் பில்காசிம் வீட்டில் போய்த் தங்கினார். அங்கே வாசலில் புதுமண் குவிவதாக அண்ணி சொன்னாள். பில்காசிமுக்கும் ஒரு சின்னப் பெண் உண்டு.

போர்வையைப் போர்த்திக்கொண்டு அங்கே ஓடினேன். பில்காசிமின் மனைவி முழுவதையும் கேட்டாள்.

"எம் புருஷன் அப்படிப்பட்டவர் இல்லக்கா," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே மண்வெட்டிச் சத்தம் நிற்கவில்லை. நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்து, தெருவில் போகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.