வலிக்காத இடம்

பேக்கரிக் கல்லாவில் நின்று பழகியவளுக்கு ஒரு கேக் துண்டு குறைந்தாலும் தெரிந்துவிடும். ஒன்றும் குறையவில்லை. இருந்தும் அம்மாக்காரி மகளைத்தான் சந்தேகப்பட்டாள். பின்னே என்ன செய்வாள்! ஒன்பது வயது வாலு பள்ளிக்கூடம் விட்டால் கடைக்குப் பின்னால் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளுக்கு டைப் ஒன் சர்க்கரை நோய் வந்து மூன்று வருஷம். வேளை தவறாமல் இன்சுலின் ஊசி போட்டும் ரத்தத்தில் சர்க்கரை முந்நூறு, முந்நூற்றைம்பது என்று எகிறியது. தெருமுனை டாக்டரும் அளவை ஏற்றிக்கொண்டே போனார்.

"உண்மையைச் சொல்லு. எத்தனை கேக் தின்னே?"

"நான் எடுக்கலம்மா."

"புளுகாதே!"

அதோடு வாலு வாயை மூடிக்கொண்டாள். எட்டு நாளாக அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடிப் பிள்ளை இப்படி ஊமையானால் வீடு தாங்குமா? ஆனாலும் அம்மா பிடித்த பிடியை விடவில்லை.

கடைசியில் தெருமுனை டாக்டரே கையை விரித்து, குழந்தைகளின் சர்க்கரை நோயை மட்டும் பார்க்கும் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

உட்கார்ந்ததும் உட்காராததுமாக அம்மா புகாரை அவிழ்த்துவிட்டாள். "நீங்களே கேளுங்க டாக்டர். திருடித் திங்கறா."

டாக்டரம்மா அதைக் கேட்கவே இல்லை. "ஊசி போடற இடத்தைக் காட்டு கண்ணு" என்றார். தொப்புளுக்கு வலது பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கடியில் சின்ன எலுமிச்சை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

"எப்பவும் இங்கேயேதான் போடறீங்களா?"

"ஆமா டாக்டர். வேற எங்க போட்டாலும் அழுவா. இங்க வலிக்கலைன்னு சொல்வா, அதான்..."

"ஒரே இடத்துல குத்திக் குத்திக் கொழுப்பு திரண்டுபோச்சும்மா. மருந்து உடம்புல ஒழுங்கா சேரலை. கேக் மேல பழி போடாதீங்க. இனிமே இடத்தை மாத்தி மாத்திப் போடணும். புது இடத்துல மருந்து நல்லா ஏறும், அதனால அளவைக் குறைச்சுத் தர்றேன். சர்க்கரையை அடிக்கடி பார்த்து எனக்கு போன்ல சொல்லுங்க."

அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. பிள்ளைக்கு நோகக் கூடாதென்று பார்த்துப் பார்த்துப் போட்ட ஊசி! கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

வாலு அந்தக் கையை விலக்கிவிட்டுச் சட்டையை இறக்கினாள். பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டாள்:

"நான் எடுக்கலைன்னு ஒரு சீட்டுல எழுதித் தர்றீங்களா டாக்டர்? நான் சொன்னா எங்கம்மா நம்ப மாட்டாங்க."